கடிகாரம் எந்த நாளில் ஓடத் தொடங்கியது?

நான் எழுதிக் கொடுத்த ஆய்வறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் ஏறத்தாழ ஒரே வாக்கியம்தான் இருக்கும்: “இவ்விரண்டுக்கும் இடையே தொடர்பு காணப்படுகிறது, எனினும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதைக்கொண்டு முடிவு செய்யலாகாது.” புள்ளியியல் படித்த எவருக்கும் இது மனப்பாடம். முதல் வகுப்பிலேயே சொல்லித் தரப்படுகிறது, தேர்வில் கேட்கப்படுகிறது, வேலைக்கு வந்த பிறகு கவசமாகிவிடுகிறது. இதை எழுதிவிட்டால் யாரும் நம்மேல் பிழை சொல்ல முடியாது. பல ஆண்டுகள் இதை அடக்கத்தின் அடையாளம் என்றே நான் எண்ணியிருந்தேன். ஒரு மருத்துவர் கேட்ட ஒரு கேள்விக்குப் பிறகு அந்த எண்ணத்தில் என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவர்களுக்கு நடத்தப்படும் 12 வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றின் தரவுகள் என்னிடம் வந்திருந்தன. பயிற்சியை முழுவதுமாக முடித்தவர்கள், முடிக்காதவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்திருந்தார்கள். வேறுபாடு கண்ணில் அறைகிற அளவுக்குப் பெரியது. வயது, சர்க்கரை நோய், இதயத்தின் பாதிப்பு, உடன் இருந்த பிற நோய்கள் எனக் கையில் இருந்த அனைத்தையும் ரெக்ரஷன் கணக்கில் சேர்த்து அவற்றின் பங்கைக் கழித்துப் பார்த்தேன். வேறுபாடு சற்றே குறைந்ததே தவிர மறையவில்லை. வழக்கமான வாக்கியத்தை எழுதி அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பிரிவின் மூத்த மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். “உங்கள் அறிக்கையை இரண்டு முறை படித்தேன். நாளைக் காலை ஆறு பேர் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களைப் பயிற்சிக்கு அனுப்பட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கள்” என்றார். நான் அதே வாக்கியத்தை வேறு சொற்களில் மீண்டும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், “தொடர்பு மட்டும்தான் உங்கள் அக்கறை என்றால், வயதையும் சர்க்கரை நோயையும் எதற்காகக் கழித்தீர்கள்? கழிக்காமலே தொடர்பு தெரிந்ததே” என்றார். என்னிடம் பதில் இல்லை. காரணத்தைத் தேடுகிறவன் மட்டுமே செய்யக்கூடிய வேலையை நாள் முழுவதும் செய்துவிட்டு, காரணத்தைத் தேடவே இல்லை என்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்த முரண் எனக்கு அதுவரை உறைத்ததே இல்லை.

சொல்ல அஞ்சிய சொல்

இந்த அச்சத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவைப் புள்ளியியலின் மையத்தில் நிறுத்திய கார்ல் பியர்சன், காரணம் என்ற கருத்தையே பழங்காலத்து எச்சமாகக் கருதினார். எதையும் ஒட்டுறவாகச் சொன்னால் போதும் என்பது அவர் நிலை. ரொனால்ட் ஃபிஷர் அச்சொல்லுக்கு ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்தார். எந்த வயல்துண்டுக்கு எந்த உரம், எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால், இரு தரப்புக்கும் இடையே எஞ்சுகிற வேறுபாட்டை உரத்தின் விளைவென்றோ மருந்தின் விளைவென்றோ சொல்லலாம். சமவாய்ப்புச் சோதனை எனும் அந்த முறையின் வலிமையைக் குறைத்து மதிப்பிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் அதன் நிழலில் ஒரு பழக்கம் வளர்ந்தது: சீட்டுக் குலுக்காத இடத்தில் காரணம் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது.

அப்பழக்கம் ஃபிஷரையே வழுக்கி விழச் செய்தது. புகைபிடித்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்து ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950இல் ஆய்வு வெளியிட்டார்கள். மனிதர்களைச் சீட்டுக் குலுக்கிப் புகைக்க வைக்க முடியாது. 1950களின் இறுதியில், புகையிலை நிறுவனங்களின் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்த ஃபிஷர், புகைக்கும் நாட்டத்தையும் புற்றுநோயையும் சேர்த்தே தருகிற ஏதோ ஒரு மரபுக்கூறு இருக்கலாமே என்று வாதிட்டார். தருக்கப்படி அதில் பிழை காண முடியாது. அப்படி ஒன்று இருக்கலாம்தான்.

1959இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் உடன் பணியாற்றியவர்களும் இதற்குச் சொன்ன மறுமொழி, நான் படித்த புள்ளியியல் வாதங்களிலேயே அழகானது. இருக்கலாம், இருக்காது என்ற வழக்குக்குள் அவர்கள் போகவில்லை. இருந்தால் அது எவ்வளவு பெரிதாக இருந்தாக வேண்டும் என்று கேட்டார்கள். புகைப்பவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 9 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த 9 மடங்கு முழுவதையும் மறைந்திருக்கும் ஒரு காரணியே உண்டாக்குகிறது என்றால், அக்காரணி புகைக்காதவர்களிடம் இருப்பதைப் போல் குறைந்தது 9 மடங்கு அதிகமாகப் புகைப்பவர்களிடம் காணப்பட வேண்டும். அத்தனை பெரிய ஒன்று யார் கண்ணுக்கும் படாமல் எங்கே ஒளிந்திருக்கிறது? காட்டுங்கள். சந்தேகப்படுகிறவரும் தம் சந்தேகத்துக்கு ஓர் அளவு சொல்லியாக வேண்டிய நிலை அன்றைக்குத்தான் வந்தது. 2017இல் டைலர் வாண்டர்வீலும் பெங் டிங்கும் முன்வைத்த ஈ-மதிப்பு என்பது இதே கேள்வியை எந்த ஆய்வுக்கும் கேட்கும்படி எளிமையாக்கிய கருவி.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நாம் சொல்வது தற்செயலைப் பற்றி. அந்தத் தற்செயல் உண்மையில் பெரிய சிக்கலே அல்ல. நூறு காக்கைகளையும் நூறு பழங்களையும் பார்த்தால் அது தானே கலைந்துவிடும். காக்கை பழுத்த பழமாகப் பார்த்துத் தேடி வந்து உட்காருகிறது என்றால்தான் சிக்கல். அப்போது பழுத்ததே காக்கையை அழைக்கிறது, பழுத்ததே பழத்தையும் உதிர்க்கிறது. ஆயிரம் மரங்களைப் பார்த்தாலும் உட்காருவதும் உதிர்வதும் ஒன்றாகவே நிகழும். ஃபிஷர் சொன்ன மரபுக்கூறு இந்த வகை. என் பயிற்சித் திட்டத் தரவிலும் இதுதான் இருக்கும் என்று நினைத்தேன்: உடல்நிலை தேறியவர்களே பயிற்சிக்கு வருகிறார்கள், அவர்களே நீண்ட நாள் வாழ்கிறார்கள். வயது, சர்க்கரை நோய் போன்ற இன்னும் சில மாறிகளைச் சேர்த்துக் கழித்தால் உண்மை வெளிப்பட்டுவிடும் என்று அடுத்த மூன்று வாரங்களை அதிலேயே செலவிட்டேன். பிழை வேறிடத்தில் இருந்தது.

முடித்தவர் என்று எப்போது தெரிந்தது?

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணா, இவர் பயிற்சியை முடித்தவர் என்று உங்களுக்கு எந்தத் தேதியில் தெரியும்?” என்றார். பன்னிரண்டாவது வாரம் என்றேன். “ஆயுளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறீர்கள்?” வீடு திரும்பிய நாளிலிருந்து என்று சொல்லி வாயை மூடும்போதே எனக்கு வியர்த்துவிட்டது.

வீடு திரும்பிய மூன்றாவது வாரத்தில் ஒருவர் இறந்துபோகிறார் என்று கொள்வோம். அவர் எந்தப் பட்டியலில் சேர்வார்? பயிற்சிக்கு ஒரு நாள் தவறாமல் வந்திருந்தாலும் அவர் ‘முடிக்காதவர்’தான். முடித்தவர் பட்டியலில் இடம்பெற வேண்டுமானால் 12 வாரங்கள் உயிரோடு இருந்தே ஆக வேண்டும். அந்த 12 வாரங்களில் அப்பட்டியலில் ஒருவர்கூட இறக்க முடியாது. நிகழ்ந்த ஆரம்பகால மரணங்கள் அத்தனையும் எதிர்ப்பட்டியலின் கணக்கில் எழுதப்படும். பயிற்சி என்ற பெயரில் வெறும் காகிதத்தில் கையெழுத்திடச் சொல்லியிருந்தாலும், 12 வாரம் தொடர்ந்து கையெழுத்திட்டவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்ததாகவே என் கணக்கு காட்டியிருக்கும். எந்த மாறியைச் சேர்த்துக் கழித்தாலும் இது போகாது, ஏனெனில் இதை உண்டாக்கியது நோயாளிகளிடம் இருந்த எந்தக் குணமும் இல்லை. கடிகாரத்தை ஒரு நாளில் ஓடவிட்டு, யார் எந்த அணி என்பதை வேறொரு நாளில் முடிவு செய்த நான்தான் இதை உண்டாக்கினேன்.

இதற்கு ‘சாகா நேரப் பிழை’ என்று பொருள்படும் பெயர் மருத்துவப் புள்ளியியலில் வெகுகாலமாக உண்டு. எனக்கும் அந்தப் பெயர் தெரியும். பெயர் தெரிந்திருந்தும் சொந்தக் கோப்பில் அதை அடையாளம் காணவில்லை என்பதுதான் வெட்கம். ஆறுதலுக்கு ஒன்று சொல்லிக்கொள்ளலாம், பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. ஆஸ்கர் வென்ற நடிகர்கள் வெல்லாதவர்களைவிடச் சராசரியாக 3.9 ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள் என்று 2001இல் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வெளியாகி உலகம் முழுவதும் செய்தியானது. வெற்றி தரும் மனநிறைவு, சமூக மதிப்பு, அதனால் வரும் ஆரோக்கியம் என்று விளக்கங்களும் குவிந்தன. ஆனால் 60 வயதில் விருது வாங்க வேண்டுமானால் 60 வயது வரை வாழ்ந்திருக்க வேண்டுமே? விருதுக்கு முந்தைய ஆண்டுகளையும் வென்றவர் கணக்கிலேயே வரவு வைத்திருந்தார்கள். 2006இல் அதே இதழில் வெளியான மறுஆய்வில், விருது வாங்கிய நாளிலிருந்து எண்ணியபோது அந்த லாபம் ஏறத்தாழ ஓராண்டாகச் சுருங்கியது. அதுவும் தற்செயலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவு.

நடிகர்களின் ஆயுளால் யாருக்கும் நட்டமில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சையின் கதை அப்படிப்பட்டதன்று. செவிலியர்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த பெரிய அமெரிக்க ஆய்வு உட்படப் பல ஆய்வுகள், ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கு இதயநோய் குறைவு என்று காட்டின. எத்தனையோ லட்சம் பெண்களுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. பிறகு 16,608 பெண்களைக் கொண்டு சீட்டுக் குலுக்கிய சோதனை நடந்தது. 2002இல், தீமை நன்மையை மிஞ்சுகிறது என்று அதைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். இதயநோய் ஆபத்து குறைவதற்குப் பதில் 29 சதவீதம் கூடியிருந்தது. சீட்டுக் குலுக்காமல் நடப்பதைப் பார்த்து எழுதும் ஆய்வுகளை இனி நம்பாதீர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்றே அப்போது பலரும் சொன்னார்கள். நானும் வகுப்புகளில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் 2008இல் மிகேல் ஹெர்னானும் ஜேம்ஸ் ராபின்ஸும் பிறரும் அதே செவிலியர் தரவை மீண்டும் எடுத்து, வேறொரு கேள்வி கேட்டார்கள். ‘இப்போது ஹார்மோன் எடுத்துக்கொண்டிருக்கிறவர்கள்’ என்ற பட்டியலில் இருப்பவர்கள் யார்? தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளின் ஆபத்தைத் தாண்டி வந்தவர்கள். தொடங்கியதும் பாதிக்கப்பட்டவர்கள் அப்பட்டியலில் இல்லை, போய்விட்டார்கள். பழைய பட்டியலை ஒதுக்கிவிட்டு, ‘இந்த நாளில் தொடங்கியவர்கள்’, ‘அதே நாளில் தொடங்காதவர்கள்’ என்று பிரித்து அந்த நாளிலிருந்து எண்ணியபோது, மாதவிடாய் நின்று எத்தனை காலமாயிற்று என்பதையும் கணக்கில் கொண்டபோது, இரு வகை ஆய்வுகளுக்கும் இடையே இருந்த முரணின் பெரும்பகுதி கரைந்தது. தரவு பொய் சொல்லவில்லை. மருத்துவர்கள் கேட்க விரும்பியது ‘தொடங்கலாமா?’ என்ற கேள்வி. ஆய்வாளர்கள் விடை சொன்னது ‘தொடங்கிப் பிழைத்துத் தொடர்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள்?’ என்ற கேள்விக்கு.

நடக்காத சோதனையை எழுதுதல்

காரணகாரிய ஆய்வில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்தவற்றுள் எதை முதன்மையாகச் சொல்வீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் இயந்திரக் கற்றலைச் சொல்வார்கள். நான் இதைச் சொல்வேன். 2016இல் ஹெர்னானும் ராபின்ஸும் தெளிவாக வகுத்துத் தந்த ‘இலக்குச் சோதனை’ முறையில், தரவைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, பணமும் அனுமதியும் தடையில்லாமல் கிடைத்தால் எந்தச் சோதனையை நடத்துவோம் என்று எழுத வேண்டும். யார் சேரலாம், எந்த இரண்டு வழிகளை ஒப்பிடுகிறோம், ஒவ்வொருவரும் எந்த நாளில் எந்த வழிக்கு ஒதுக்கப்படுகிறார், எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம், எதை விளைவாகக் கொள்கிறோம் என்று எல்லாவற்றையும். பிறகுதான் கையிலுள்ள தரவைக்கொண்டு அந்த நடக்காத சோதனையை எவ்வளவு நெருக்கமாக நடித்துக்காட்ட முடியும் என்று பார்க்க வேண்டும். கேட்பதற்கு அலுவலகப் படிவம் போல இருக்கிறது. நிரப்பிப் பார்த்தால்தான் அதன் கொடுமை தெரியும்.

என் படிவத்தில் இரண்டாவது கட்டத்திலேயே சிக்கிக்கொண்டேன். ‘பயிற்சியை முடித்தல்’ என்பதை யாருக்கும் ஒதுக்க முடியாது. நாளை வீடு திரும்பும் ஆறு பேரிடம் “நீங்கள் 12 வாரம் சாகாமல் இருந்து முடியுங்கள்” என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுப்பதில்லை. எழுதிக் கொடுக்கக்கூடியது “நான்கு வாரத்துக்குள் தொடங்குங்கள்” என்பது மட்டுமே. அப்படி எழுதினால் அடுத்த கேள்வி முளைக்கிறது: இரண்டாவது வாரத்தில் இறந்துபோன, அதுவரை தொடங்காத ஒருவர் எந்த அணி? அவர் தொடங்கியிருக்கவும் கூடும், தொடங்காமல் விட்டிருக்கவும் கூடும். இரண்டு வழிகளுக்குமே அவர் அன்றுவரை உடன்பட்டே நடந்திருக்கிறார். இதற்கு இத்துறையினர் கண்டுபிடித்திருக்கும் உபாயம் எனக்கு முதலில் கோமாளித்தனமாகப்பட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு நகல்கள் எடுத்து, ஒன்றை இந்த அணியிலும் மற்றொன்றை அந்த அணியிலும் முதல் நாளே சேர்த்துவிடுகிறார்கள். எந்த நகல் தனக்கு ஒதுக்கப்பட்ட வழியை மீறுகிறதோ அது அந்த நாளோடு விலக்கப்படும். அப்படி விலகியவர்களை ஒத்தவர்களாய் எஞ்சி நிற்பவர்களுக்கு எடை கூட்டி, விட்டுப்போன இடம் ஈடுசெய்யப்படும். இரண்டாவது வாரத்தில் இறந்தவரின் மரணம் இரு அணியிலும் எழுதப்படுகிறது. நியாயமும் அதுதான்.

அப்படிச் செய்து முடித்தபோது, கண்ணில் அறைந்த அந்தப் பெரிய வேறுபாடு பெரும்பாலும் வற்றிவிட்டது. பயிற்சியின் பக்கம் சாய்ந்த சிறு நன்மை ஒன்று எஞ்சியது; அதன் பிழை எல்லைக்குள் பூச்சியமும் அடங்கியிருந்தது, அதாவது நன்மையே இல்லை என்பதையும் மறுக்க முடியாது.

முறையாகச் செய்தால் சோதனை நடத்தாமலே சோதனையின் விடையை எட்டிவிடலாமா? 2023இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் இதற்கு ஓர் அளவு கிடைத்தது. ஏற்கெனவே நடந்த 32 சமவாய்ப்புச் சோதனைகளைக் காப்பீட்டுக் கோரிக்கைத் தரவுகளைக்கொண்டு நடித்துப் பார்த்தார்கள். இரு விடைகளுக்கும் இடையே ஒட்டுறவு 0.82 (முழு ஒட்டுறவு என்றால் 1). சோதனையின் வடிவத்தை நெருக்கமாகப் பின்பற்ற முடிந்தவற்றை மட்டும் எடுத்தால் 0.93, பின்பற்ற முடியாதவற்றில் அது வெகுவாகக் குறைந்தது. இந்த எண்களைக் கொண்டாடவும் செய்யலாம், அஞ்சவும் செய்யலாம். எனக்கு அதில் பிடித்தது, பிழையின் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்று அது காட்டிய விதம்: இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைக் கேட்காதபோது விடை ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை.

எண்களுக்குத் தெரியாதது

இயந்திரங்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2018இல் வெளிவந்த இரண்டு பணிகள், விக்டர் செர்னோசுகோவ் குழுவினரின் இரட்டை இயந்திரக் கற்றலும், ஸ்டெஃபான் வேகர், சூசன் ஏதி இருவரின் காரணக் காடுகளும், இத்துறையின் நடைமுறையையே மாற்றிவிட்டன. நூற்றுக்கணக்கான மாறிகள் இருந்தாலும் அவற்றின் பங்கை வளைநெளிவுகளோடு கழிக்கலாம், அதற்குப் பிறகும் நம்பகமான பிழை எல்லை சொல்லலாம், யாருக்குப் பலன் கூடுதல் என்றுகூடப் பிரித்துப் பார்க்கலாம். நான் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் எதைக் கழிக்க வேண்டும், எதைக் கழிக்கவே கூடாது என்பதை அவை சொல்வதில்லை, சொல்லவும் முடியாது.

1986இல் வெளியான சிறுநீரகக் கல் ஆய்வு ஒன்றைப் பலரும் அறிந்திருப்பார்கள். தோல் வழியாகத் துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறையில் 350 பேரில் 289 பேருக்கு வெற்றி, 83 சதவீதம். திறந்த அறுவையில் 350க்கு 273, அதாவது 78 சதவீதம். கல்லின் அளவுவாரியாகப் பிரித்தால் கதை தலைகீழ்: சிறிய கற்களில் திறந்த அறுவை 93, துளை முறை 87, பெரிய கற்களிலும் திறந்த அறுவை 73, துளை முறை 69. கடினமான கற்கள் திறந்த அறுவைக்கு அனுப்பப்பட்டதால் வந்த மயக்கம் இது. இங்கே பிரித்துப் பார்ப்பதே சரி.

இப்போது வேறொரு பழைய புதிர். எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், புகைபிடித்த தாய்மார்களின் குழந்தைகள் மற்றவர்களின் குழந்தைகளைவிடக் குறைவாக இறந்திருந்தன. 1971இல் ஜேக்கப் யெருஷால்மி இதை வெளியிட்டபோது, புகை குழந்தைக்குக் கேடில்லை என்றுகூட அதைப் படிக்க இடம் இருந்தது. எடைக் குறைவுக்குப் புகையும் காரணமாகலாம், அதைவிடக் கொடிய பிறவிக் குறைபாடும் காரணமாகலாம். புகைக்காத தாயின் குழந்தை எடை குறைந்து பிறந்தால், அந்தக் கொடிய காரணமே இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே புகைத்தவரின் குழந்தை ஒப்பீட்டில் தப்பித்ததாகத் தோன்றுகிறது. 2006இல், எது எதற்குக் காரணம் என்பதை அம்புகளால் காட்டும் வரைபடங்களைக்கொண்டு இதை அழகாக விளக்கினார்கள். இங்கே எடைவாரியாகப் பிரித்ததே தவறு.

இரண்டு ஆய்வுகளின் அட்டவணைகளையும் பெயர் நீக்கி ஒரு கணினியிடம் கொடுத்தால், எதில் பிரிப்பது எதில் பிரிக்காமலிருப்பது என்று எண்களிலிருந்து மட்டும் அதனால் கண்டுபிடிக்க முடியாது. கல்லின் அளவு சிகிச்சைக்கு முந்தையது, பிறந்த எடை புகைக்குப் பிந்தையது என்பதை உலகம் தெரிந்த ஒருவர்தான் சொல்ல வேண்டும். கணினி அறிவியலாளர் ஜூடியா பேர்ல் 1990களிலிருந்து அம்புகளை வரையச் சொல்லி மன்றாடியது இதற்காகத்தான் என்பது எனக்குத் தாமதமாகவே விளங்கியது. அம்புகளையும் தரவிலிருந்தே கண்டெடுத்துவிடலாம் என்று முயலும் ஒரு கிளை இருக்கிறது. அதில் 2021இல் நேர்ந்தது சுவாரசியமானது. புகழ்பெற்ற சில நிரல்கள் செயற்கைத் தரவில் காட்டிய திறமையை ஒரு குழுவினர் ஆராய்ந்தார்கள். அம்பின் வழியே கீழே போகப் போக மாறிகளின் பரவல் (மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) பெருகும்படி அந்தச் செயற்கைத் தரவு அமைந்திருந்தது. மாறிகளைப் பரவலின்படி வரிசைப்படுத்தி அமைத்த எளிய முறையே அந்த நிரல்களுக்கு ஈடாக விடை தந்தது. அளவுகோலின் அலகை மாற்றியதும் அவற்றின் திறமை சரிந்தது. சென்டிமீட்டரை மீட்டராக்கினால் காரணம் மாறிவிடுமா என்ன!

பொருளியலாளர்களுக்கும் அதே காலத்தில் இப்படி ஓர் அடி விழுந்தது. வெவ்வேறு ஆண்டுகளில் ஒரு கொள்கையை ஏற்ற பகுதிகளை ஒப்பிட அவர்கள் பல்லாண்டுகள் பயன்படுத்திய ரெக்ரஷன், முன்பே ஏற்றுக்கொண்ட பகுதிகளைப் பின்னால் ஏற்றவற்றுக்கு ஒப்பீட்டு அணியாக வைத்துக்கொள்கிறது என்று 2020, 2021 ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் காட்டின. விளைவு ஆண்டுக்காண்டு வளரக்கூடியதாக இருந்தால், எல்லாப் பகுதிக்கும் நன்மையே நிகழ்ந்திருந்தாலும் கணக்கு தீமை என்று சொல்ல இடமுண்டு. கணினி பிழையாக எதையும் கூட்டவில்லை. யாரும் கேட்காத ஒரு சராசரியை அது துல்லியமாகக் கணக்கிட்டுக் கொடுத்துவந்தது.

மீண்டும் அந்த ஆறு பேர்

எஞ்சிய அந்தச் சிறு நன்மையையாவது நம்பலாமா என்று பார்க்க ஒரு சோதனை பாக்கியிருந்தது. அதற்கு வழிகாட்டியது முதியோருக்கான ஃப்ளூ தடுப்பூசி குறித்து 2006இல் வந்த ஓர் ஆய்வு. 65 வயதைக் கடந்த 72,527 பேரில், ஊசி போட்டவர்களின் மரண ஆபத்து ஃப்ளூ பருவத்தில் போடாதவர்களுடையதில் 0.56 பங்குதான். ஆனால் ஃப்ளூ இன்னும் வந்தே சேராத, பருவத்துக்கு முந்தைய மாதங்களில் அது 0.39 ஆக இருந்தது! இல்லாத கிருமியிடமிருந்து ஊசி யாரையும் காப்பாற்றியிருக்க முடியாது. தள்ளாமையால் ஊசி போட வர முடியாதவர்கள் எதிரணியில் இருந்தார்கள் என்பதே பொருள். விளைவு இருக்கவே முடியாத இடத்தில் விளைவைத் தேடிப் பார்ப்பது, நம் முறையின் யோக்கியதையை அறிய ஒரு வழி.

நானும் தேடினேன். பயிற்சி, தொடங்குவதற்கு முந்தைய ஆண்டை மாற்ற முடியாது. ஆகவே நான்கு வாரத்துக்குள் தொடங்கியவர்களும் தொடங்காதவர்களும் அந்த முந்தைய ஆண்டில் கண் பரிசோதனைக்கு வந்திருந்த அளவை, அதே எடைகளைப் போட்டு ஒப்பிட்டேன். என் முறை சரியென்றால் வேறுபாடு இருக்கக்கூடாது. இருந்தது. உடம்பைக் கவனித்துக்கொள்ளும் பழக்கமோ, மருத்துவமனைக்கு வந்துபோகும் வசதியோ, நான் அளக்காத ஏதோ ஒன்று இரு அணிகளையும் இன்னும் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

மருத்துவருக்கு இந்த முறை வேறு விதமாக எழுதினேன். “அனுப்புங்கள் என்பதே என் கருத்து, தீமை நேர்ந்ததற்கு அறிகுறி இல்லை. ஆனால் பயிற்சியால் ஆயுள் நீள்வது நான் முதலில் காட்டியதில் மிகச் சிறிய பங்கே இருக்கும். அதிலும் ஒரு பகுதி, எப்படியும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வந்து சேர்ந்ததால் தோன்றுவது. முதல் அறிக்கையின் வேறுபாடு என் கணக்குப் பிழை.” கடைசிப் பக்கத்து வாக்கியத்தை இந்த முறை சேர்க்கவில்லை. காரணம் என்ற சொல்லை நான்கு இடத்தில் எழுதியிருந்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்த அரைமணி நேரம் ஆயிற்று.

அவர் பதில் அன்று மாலையே வந்தது. ஆறு பேரையும் அப்போதே அனுப்பிவிட்டாராம். அதில் மூன்று பேர் தொலைவு காரணமாக வருவதே இல்லையாம். “ஒரு வண்டி ஏற்பாடு செய்ய முடியும் போலிருக்கிறது. வண்டி விட்டால் மட்டுமே வரக்கூடியவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குப் பயிற்சியால் எவ்வளவு பலன் என்று உங்களால் சொல்ல முடியுமா?” என்று கேட்டிருந்தார். பொருளியலாளர்கள் கைடோ இம்பென்ஸும் ஜோஷுவா ஆங்ரிஸ்டும் 1994இல் வரையறுத்து, 2021இல் நோபல் பரிசு பெறக் காரணமான கேள்வி ஏறத்தாழ இதேதான். அவர் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அதற்கு விடை சொல்லும் தரவு என்னிடம் இல்லை என்று எழுதினேன். வண்டியில் எல்லோருக்கும் இடம் இருக்காது என்றும் அவர் குறிப்பிட்டிருந்ததால், முதல் மூன்று மாதம் யாரை ஏற்றிக்கொள்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறேன். நெறிமுறைக் குழுவிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.